ஒரு வாரத் தவணை

நெட்டை என்ற பெயர் அவளுக்கு ஆறாம் வகுப்பில் விழுந்தது. வகுப்பு வாத்தியாரைவிட அரை விரல் உயரமாக வளர்ந்துவிட்ட குற்றத்துக்கு அந்தத் தண்டனை. பிறகு வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. அப்பா மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து "நெட்டையம்மா" என்பார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். இரண்டு பேருமே பேச்சுக்குக் குறைவில்லாதவர்கள். அவர்களுக்குப் பிறந்த இவள் மட்டும் கேட்ட கேள்விக்குத் தலையை ஆட்டுகிற பெண்ணாக வளர்ந்தாள்.

நகரசபையின் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் ஆறு வருடம் வேலை பார்த்தாள். காலையில் பாட்டில் பாட்டிலாக வந்து இறங்கும் தண்ணீரை மூக்கருகே கொண்டுபோனாலே பாதி சொல்லிவிடுவாள். இது குழாய் உடைந்த தெருவுடையது, இது கழுவாத தொட்டியுடையது என்று. சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறுகிற அந்த நொடியில் நிறுத்துகிற கை அவளுடையது போல அந்தக் கூடத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. இருபத்தெட்டாவது வயதில் ஓர் உதவித்தொகை கிடைத்தது. தண்ணீரைப் பற்றியே இரண்டு வருட மேல்படிப்பு, வெளிநாட்டில்.

"இவ அங்க போயி யாருகிட்ட வாயைத் திறக்கப் போறா?" என்றாள் அம்மா.

"படிக்கத்தானே போறா, மேடையில பேசவா போறா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது. இரண்டு பெட்டிகளோடு நெட்டை விமானம் ஏறினாள்.

அவளுக்கு அமைந்த அறை ஒரு பழைய வீட்டின் மூன்றாவது மாடியில், கூரைக்கு நேர் கீழே இருந்தது. கூரை இரண்டு பக்கமும் சரிந்து இறங்கியது. அறையின் நடுவில் மட்டும்தான் அவளால் நிமிர்ந்து நிற்க முடியும். கட்டில் ஓரம், ஜன்னல் ஓரம் எல்லாம் குனிந்துதான் போகவேண்டும். கதவைத் திறந்து அவள் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள், "குனியுங்க, குனியுங்க!" என்று ஒரு குரல் வந்தது. வந்து என்ன பயன், அதற்குள் இடித்துக்கொண்டாயிற்று. முதல் வாரத்தில் நெற்றியில் மூன்று புடைப்பு.

குரலுக்கு உரியவள் அந்த அறையில் ஒரு மாதம் முன்னதாகவே குடிவந்திருந்தவள். வயது இருபத்திரண்டு. நெட்டையின் தோளைக்கூட எட்டாத உயரம். வேறு ஊர்க்காரி, ஆனால் தமிழ்ப் பெண். புள்ளியியல் படிக்க வந்திருந்தாள்.

"காலேஜ்ல என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க அக்கா. ஆஃப் பண்ற பட்டன் கிடையாதாம். நீங்களும் அப்படியே கூப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. நெத்தியில தண்ணி வைக்கட்டா? இருங்க, ஐஸ் இருக்கு. இல்ல, ஐஸ் கீழ் வீட்டுக்காரம்மாவோடது. கேட்டா குடுப்பாங்க, ஆனா எதுக்குன்னு கேப்பாங்க. சொன்னா சிரிப்பாங்க..."

அன்று ஆரம்பித்தது. எந்த பஸ்ஸில் எந்தக் கதவு வழியாக ஏறவேண்டும், டிக்கெட் அட்டையை எங்கே வைத்துக் காட்டவேண்டும், குப்பையை எப்படி நாலாகப் பிரித்து நாலு தொட்டியில் போடவேண்டும், கடையில் பையைத் திறந்து காட்டச் சொன்னால் பதறக்கூடாது என்று எல்லாவற்றையும் ரேடியோதான் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மாதம் முன்னால் வந்தவள் என்ற சலுகையில் அவள் தன்னை அந்த ஊரில் பழம் தின்று கொட்டை போட்டவளாகவே நினைத்துக்கொண்டாள். பல் தேய்க்கும்போதும் பேசினாள். தூக்கத்திலும் ஏதோ கணக்குச் சொன்னாள். நெட்டை சிரித்துக்கொண்டே கேட்டாள், பிறகு சிரிக்காமல் கேட்டாள், மூன்றாவது வாரத்தில் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா முப்பது வருடம் பஸ் ஓட்டியவள். கணவன் இல்லை, பிள்ளைகள் தூரத்தில். மாடிப்படிக்கு எதிரே ஒரு தாளில் சட்டங்களை எழுதி ஒட்டியிருந்தாள். காலணி படியில் கூடாது. எட்டு மணிக்கு மேல் பொரிக்கக் கூடாது. குளியல் ஆளுக்கு ஏழு நிமிடம். குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கீழே உட்கார்ந்து கேட்டு, ஏழாவது நிமிடம் தாண்டினால் துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாள். "அம்மாவுக்கு பஸ் கைவிட்டுப் போச்சு, அதான் நம்மள ஓட்டறாங்க" என்பாள் ரேடியோ.

வகுப்பு நெட்டைக்கு வேறு விதமான கூரையாக இருந்தது. அங்கேயும் குனிந்துதான் நடக்கவேண்டியிருந்தது. பாடம் புரிந்தது. பாடத்துக்கு நடுவே பேராசிரியர் சொன்ன வேடிக்கைகள் புரியவில்லை. எல்லோரும் சிரித்து ஓய்கிற நேரத்தில் அவள் சிரிக்கத் தொடங்குவாள். கேள்வி கேட்டால் பதில் அவளுக்கு முதலில் தமிழில் வரும். அதை மாற்றிக் கோத்து வாய்க்குக் கொண்டுவருவதற்குள் முன்வரிசைக்காரன் சொல்லி முடித்திருப்பான். பரிசோதனைக் கூடத்தில் அவளுடைய கைக்கு வேலையே இல்லை. சொட்டு விடுவதை ஓர் இயந்திரம் பார்த்துக்கொண்டது, நிறம் மாறுவதை இன்னோர் இயந்திரம் எழுதிக்கொண்டது. நாலு பேர் சேர்ந்து செய்யும் ஆய்வில் மற்ற மூன்று பேரும் அவளிடம் பாட்டில் கழுவும் வேலையைக் கொடுத்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவள் எதையும் கேட்கவில்லை, அவர்கள் மிச்சமிருந்ததைக் கொடுத்தார்கள். ஆறு வருடம் ஊருக்கே தண்ணீர் பார்த்துச் சொன்னவள் வரிசையாகப் பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

சனி, ஞாயிறு காலைகளில் ஒரு சலவைக்கூடத்தில் வேலைக்குப் போனாள். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். கறையைப் பார்த்துப் பிரிக்கவேண்டும், பெரிய உருளைகளுக்கு நடுவே கொடுத்துத் தேய்க்கவேண்டும், வெளியே வருவதை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடிக்கவேண்டும். எதிர் முனையைப் பிடித்தவள் வேறேதோ தேசத்துக்காரி. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. விரி, இழு, மடி, முன்னால் வா, முனையைக் கொடு. இரண்டே வாரத்தில் கைகள் பழகிவிட்டன. அந்த ஊரில் நெட்டைக்கு உடம்பு சூடாக, மனசு லேசாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

குளிர் இறங்கிய மாதத்தில் ரேடியோ தன் வகுப்பில் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. பதினைந்து நாள் ஒத்திகை. அறையின் நடுவில், கூரை உயரமாக இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு நெட்டைக்கு வாசித்துக் காட்டுவாள். நெட்டைக்குப் புள்ளியியல் தெரியாது. ஆனாலும் அந்தப் பெண் எதையோ முழுசாகப் பிடித்து வைத்திருக்கிறாள் என்பது கேட்கும்போதே தெரிந்தது.

வாசித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் ரேடியோ அதை ஒரு கூத்தாகவே நடித்துக் காட்டினாள்.

"நான் ஆரம்பிச்சேனா, ரெண்டு நிமிஷம் ஆகல, எங்க புரொஃபசர் கையைத் தூக்கினாரு. 'மறுபடி சொல்லுங்க.' சொன்னேன். 'கொஞ்சம் மெதுவா.' சொன்னேன். 'இன்னொரு தடவை.' எல்லாரும் மேஜையையே பாக்கறாங்க. கடைசியில பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட என் தாளைக் குடுத்து அவளைப் படிக்கச் சொல்லிட்டாரு. நான் பக்கத்துல கையைக் கட்டிட்டு நிக்கறேன். என் கட்டுரையை எனக்கே வாசிச்சுக் காட்டினாங்கக்கா! பரவால்ல, நல்லாதான் இருந்துச்சு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

அதன் பிறகு ரேடியோவின் பேச்சு குறையத் தொடங்கியது. ஒரே நாளில் அல்ல. முதலில் காலைப் பேச்சு போனது. பிறகு பஸ்ஸில் பார்த்தவர்களைப் பற்றிய கதைகள் போயின. கேட்டால் மட்டும் பதில். பிறகு கேட்டாலும் "ம்". அந்தச் சமயம் நெட்டைக்குப் பரிட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அறையில் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. 'அப்பாடா' என்று நினைத்தாள். பொண்ணுக்குப் பக்குவம் வந்துவிட்டது, படிப்பில் கவனம் வந்துவிட்டது என்றுகூடத் தனக்குச் சொல்லிக்கொண்டாள். காதில் வைத்த பஞ்சை எடுத்துக் குப்பையில் போட்டாள். பிற்பாடு அவளை வருடக்கணக்கில் அரித்தது இந்த 'அப்பாடா'தான்.

கண்ணில் படாமல் இல்லை. காலையில் இவள் கிளம்பும்போது ரேடியோ போர்வைக்குள் இருப்பாள், மத்தியானம் திரும்பும்போதும் அப்படியே இருப்பாள். ஜன்னல் திரை திறக்கப்படாது. ரொட்டிப் பொட்டலம் பிரிக்கப்படாமலேயே பூத்துப்போகும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓர் அதிசயம் நடக்கும். சொன்ன நேரத்துக்கு ரேடியோ எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து, தலையை வாரி, முதுகுக்குப் பின்னால் சுத்தமான சுவர் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து ஊருக்கு வீடியோவில் போன் போடுவாள்.

"அம்மா! சாப்பிட்டியா? நான் இப்பதான் சாப்பிட்டேன். கிளாஸ் எல்லாம் சூப்பரா போவுது. குளிரா? அட, அதெல்லாம் பழகிப்போச்சு. நெட்டை அக்கா இருக்காங்க இல்ல, அவங்க நேத்து மறுபடி தலையை இடிச்சுக்கிட்டாங்க..."

அரை மணி நேரம் பழைய குரல், பழைய சிரிப்பு. போனை வைத்ததும் அப்படியே சரிந்து படுத்துக்கொள்வாள். நெட்டை சலவைக்கூடத்திலிருந்து வந்த களைப்பில் இதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மாவிடம் இவ்வளவு பேசுகிறவளுக்கு என்ன கேடு வந்துவிட்டது, என்மேல்தான் ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்தாள். கோபம் என்றால் தானாக ஆறட்டும் என்று விட்டாள். யாரிடமும் போய் "என்ன கோபம்?" என்று கேட்டுப் பழக்கமில்லாதவள் அவள்.

கடைசியில் கேட்டது வீட்டுக்காரம்மாதான். ஒரு ஞாயிறு மத்தியானம் படியில் நெட்டையை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் மொழியில் அவள் சொன்னது இதுதான்: "பதினோரு நாளா மேல ஒரு குளியல்தான் ஓடுது. ரெண்டு ஓடணும். சின்னவளுக்கு என்ன ஆச்சு?"

நெட்டைக்கு முகம் எரிந்தது. சட்டம் போடுகிறவள், கட்டையால் இடிக்கிறவள் என்று இரண்டு பேரும் சேர்ந்து கேலி பேசிய கிழவி, கீழே உட்கார்ந்து குழாய்ச் சத்தத்தில் கண்டுபிடித்ததை, நாலு அடி தள்ளிப் படுத்திருந்த தான் கண்டுபிடிக்கவில்லை.

மேலே போய், குனிந்து, ரேடியோவின் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். முதல் முறையாக அவள் தோளைத் தொட்டாள். கோட்டைப் போட்டுக்கொண்டே படுத்திருந்தாள் அந்தப் பெண்.

"என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லக்கா."

"கிளாஸுக்குப் போறியா இல்லையா?"

ரேடியோ போர்வையை இழுத்துக்கொண்டாள். "அன்னைக்கு வாசிச்சதுக்கு அப்புறம் ரெண்டு நாள் போனேன். வாயைத் திறந்தா என்னவோ மாதிரி இருக்கு. நான் பேசறது எனக்கே கேக்குது. அப்புறம் போகல."

"அது ஆறு வாரம் ஆச்சேம்மா! உங்க அம்மாகிட்ட நான் பேசறேன், நம்பர் குடு."

போர்வைக்குள்ளிருந்து சட்டென்று ஒரு கை வந்து நெட்டையின் மணிக்கட்டைப் பிடித்தது. "வேணாம்க்கா. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. அண்ணன் என்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கான். ஒரு வாரம் குடுங்க. ஒரே வாரம். நான் எழுந்திருச்சுடுவேன். சத்தியமா. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

நெட்டை சொல்ல மாட்டேன் என்று சொன்னாள்.

அந்த ஒரு வாரம்தான் அவளுடைய பரிட்சை வாரமும். திங்கள் முதல் வெள்ளி வரை. படிப்பும் பார்த்தாள், அந்தப் பெண்ணையும் பார்த்தாள். சோறு வடித்து முட்டை வேகவைத்துக் கட்டில் அருகே வைப்பாள், பாதி தட்டு காலியாகும். செவ்வாய்க்கிழமை முகம் கழுவும் தொட்டியில் குனிய வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிச் சிக்கெடுத்தாள். கொத்துக் கொத்தாக முடி கையோடு வந்தது. பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஒரு வைத்தியர் உண்டு, அவரைப் பார்க்க எப்போது போகலாம் என்று ஒரு தாளில் எழுதி வைத்தாள். வெள்ளிக்கிழமை பரிட்சை முடிந்ததும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரேடியோ தானாக எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். "அக்கா, நாளைக்கு நான் கிளாஸுக்குப் போறேன்" என்றாள். முகத்தில் லேசான சிரிப்புகூட இருந்தது. நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது. "போ, போயிட்டு வா. மத்தியானம் நான் வந்து கூட்டிட்டுப் போறேன், வெளிய எங்கயாவது சாப்பிடலாம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை நெட்டை குளித்துவிட்டு வருவதற்குள் ரேடியோ கிளம்பிப் போயிருந்தாள். கட்டில் சரியாக விரித்திருந்தது. பையைக் காணோம், காலணியைக் காணோம். மனசு நிறைந்துபோய் நெட்டை தன் கோட்டை எடுக்கக் கதவுப் பக்கம் போனாள். பக்கத்து ஆணியில் ரேடியோவின் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

வெளியே தெருக்குழாய் உறைந்திருந்தது. அந்தப் பெண்ணிடம் இன்னொரு கோட்டு கிடையாது. நெட்டைக்கு அது தெரியும். ஆனாலும் 'யாரிடமாவது வாங்கிப் போட்டிருப்பாள்' என்று ஓர் எண்ணத்தை வலிந்து வரவழைத்தாள். போன் போட்டாள். போன் தலையணைக்கு அடியில் அடித்தது. மணி எட்டே கால். பரிட்சை ஒன்பதுக்கு. புள்ளியியல் கட்டடம் பல்கலைக்கழகத்தின் மறுகோடியில். கோட்டின் கையைப் பிடித்தபடி இரண்டு நிமிடம் நின்றாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு பரிட்சைக்குப் போனாள்.

மூன்று மணி நேரம் எழுதினாள். அந்தப் படிப்பில் அவள் எழுதிய மிகச் சிறந்த தாள் அதுதான்.

ரேடியோ வகுப்புக்குப் போகவில்லை. பஸ்ஸில் ஏறி, அது கடைசியாக நிற்கும் இடம் வரை போயிருக்கிறாள். ஊருக்கு வெளியே, வெறும் மைதானமும் காற்றும் உள்ள இடம். நிழற்குடைக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதல் நடை வந்தபோது பார்த்த டிரைவர், மூன்றாவது நடை வந்தபோதும் அவள் அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இறங்கிப் போயிருக்கிறார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. தொட்டதற்கும் அசைவு இல்லை.

உயிர் பிழைத்துவிட்டாள். இடது காலில் இரண்டு விரல்களை எடுக்கவேண்டியதாயிற்று. எதற்காக அங்கே போனாள் என்று டாக்டர்களும் கேட்டார்கள், போலீஸும் கேட்டது. நெட்டை கேட்டதற்குத்தான் ஒரு பதில் சொன்னாள். "பஸ் நின்னுச்சு, எறங்கினேன். திரும்ப ஏறணும்னு தோணலக்கா. அவ்வளவுதான்."

ஊருக்குப் போன் போட வேண்டிய வேலை நெட்டையுடையது. ஆஸ்பத்திரி நடையில், தண்ணீர் கொடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, ரேடியோவின் போனிலிருந்தே போட்டாள். எடுத்தது அம்மா. பெண்ணிடமிருந்து என்று நினைத்து, "என்னடி இன்னைக்குக் கூப்பிடறே, ஞாயித்துக்கிழமை இல்லையே?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். சொல்லி முடித்த பிறகு அந்தப் பக்கம் அழுகை வரவில்லை. "போன வாரம்கூட நல்லா பேசினாளே... நல்லா பேசினாளே..." என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒன்பதாவது நாள் அண்ணன் வந்தான். லாரிப் பட்டறையில் வெல்டர். யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டு, கை முழுவதையும் மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரம்மா அவனுக்குக் கீழே கூடத்தில் படுக்கை போட்டுக் கொடுத்து, தானே காலணியோடு படியேறச் சொன்னாள். தங்கையின் சாமான்களைக் கட்ட அறைக்கு வந்தவன் கட்டில்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஒரே ரூம்லதான் இருந்தீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

பொய் சொல்ல நெட்டைக்கு வாய் வரவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேர்ந்து. சொல்லாதேன்னு கேட்டுக்கிட்டா. நானும் சரின்னுட்டேன்."

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவன் மண்டியிட்டுத் துணிகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றையும் உதறி, மடித்து, கையால் நீவி. பாதியில், "கயிறு இருக்கா? பெட்டிக்குப் பூட்டு சரியில்ல" என்று கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். வெல்டரின் கையாக இருந்தும் முடிச்சு விழவில்லை. அவள் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டாள், அவன் கட்டினான். ஆணியில் தொங்கிய கோட்டைப் பற்றி அவள் அவனிடம் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம், அப்பாவிடம், பல்கலைக்கழகம் அனுப்பிவைத்த ஆலோசகரிடம், யாரிடமும்.

அடுத்த பருவத்தில் அந்தக் கட்டிலுக்கு வேறொரு பெண் வந்தாள். வேறு நாட்டுக்காரி, கட்டட வரைபடம் படிப்பவள், சுபாவத்திலேயே அமைதியானவள். நெட்டை அவளை விடவில்லை. சாப்பிட்டாயா, வகுப்புக்குப் போனாயா, ஏன் பேசாமல் இருக்கிறாய், வீட்டில் பேசினாயா, உண்மையாகவே நன்றாக இருக்கிறாயா? வாழ்நாளெல்லாம் தலையாட்டியே காலம் தள்ளியவள், உடைந்த மொழியில் நாளைக்குப் பத்துத் தடவை கேட்டாள். அந்தப் பெண் தூங்குகிறாளா என்று குனிந்து மூச்சைப் பார்த்தாள். ஆறு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்காரம்மா அன்று நெட்டையைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தாள். "அவ நல்லாத்தான் இருந்தா. நீதான் போலீஸ் மாதிரி அவளைக் காவல் காத்தே" என்றாள். பிறகு, "உன் குளியலும் இப்பல்லாம் மூணு நிமிஷத்துல முடிஞ்சுடுது. அது எனக்குப் பிடிக்கல" என்றாள். நெட்டை கோப்பையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டில் முதல் முறையாக அழுதாள். கிழவி ஆறுதல் சொல்லத் தெரியாதவள். அழுது முடிகிற வரை எதிரே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

நெட்டை படிப்பை முடித்தாள். நல்ல மதிப்பெண். அங்கேயே வேலைக்கு இருக்கச் சொன்னார்கள், இருக்கவில்லை. பழைய பரிசோதனைக் கூடத்தில் மறுபடி எடுத்துக்கொண்டார்கள், கொஞ்சம் பெரிய பதவியில். வேலையில் சேருவதற்கு முன்னால் ஒரு நாள் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய் ரேடியோவின் வீட்டைக் கண்டுபிடித்தாள். முன்னாலேயே நாலைந்து தடவை போன் போட்டிருந்தாள். எப்போது போட்டாலும் "தூங்கறாம்மா" என்ற பதில்தான் வந்தது. அதனால் இந்தத் தடவை சொல்லாமலே போனாள்.

அம்மா கதவைத் திறந்தாள். யார் என்று அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, உயரமே சொல்லிவிட்டது. உள்ளே வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் நின்றாள். உள்ளிருந்து, "யாரும்மா?" என்று ஒரு குரல் வந்த பிறகுதான் வழிவிட்டாள்.

ரேடியோ மருந்தில் ஊதிப்போயிருந்தாள். நடை கொஞ்சம் சாய்வாக இருந்தது. உள்ளூர் மருந்துக்கடை ஒன்றில் மத்தியானம் வரை கணக்குப் பார்க்கிறாளாம். எதிரே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பதுபோல மெதுவாகப் பேசினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டாள். வீட்டுக்காரம்மா உயிரோடு இருக்கிறாளா என்று கேட்டாள். அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டாள்.

பேச்சு தீர்ந்துபோன ஓர் இடத்தில் ரேடியோ சொன்னாள்: "அக்கா, நீங்க அன்னைக்கே அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்."

"நீதானேம்மா சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினே."

"நான் அப்படித்தான் சொல்லுவேன்" என்றாள் ரேடியோ. குரலில் கோபம் இல்லை. கடைக்கு வந்தவருக்கு மருந்து வேளையை விளக்குகிற மாதிரி சொன்னாள். "எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு இல்ல? உங்களுக்கு நல்லாத்தானே இருந்துச்சு."

நிலைப்படியில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காபி ஆறி ஏடு படிந்தது. ரேடியோ, "குடிங்கக்கா" என்றாள். குடித்தாள். மருந்து சாப்பிட்டால் பகலில் தூக்கம் வருகிறது, படுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் எழுந்து உள்ளே போனாள்.

அண்ணன் பட்டறையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்திருந்தான். வாசலில் இவளைப் பார்த்ததும் உள்ளே போகாமல் வண்டியைத் திருப்பினான். "பஸ் ஸ்டாண்டு தூரம். ஏறுங்க" என்றான். இறக்கிவிட்டபோது அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "கடைசி மேடையில நிக்கும் உங்க பஸ்ஸு. சீக்கிரம் போனா உக்கார இடம் கிடைக்கும்" என்று சொல்லிவிட்டு, பசியோடு வீட்டுக்குத் திரும்பிப் போனான்.

இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து மணி நேரமும் நின்றுகொண்டே வந்தாள். திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.